கோலியாத்தும் கரும்புத் தேரையும்



தவளைக்கும் தேரைக்கும் தனித்தனியே பெயர் வைத்திருக்கும் மொழி நம்முடையது. ஈரத்தோலும் நீண்ட பின்னங்கால்களுமாய் நீரோரத்தில் தாவுவது தவளை. சொரசொரப்பான தோலோடு கொல்லையிலும் கல்லிடுக்கிலும் தத்தித் திரிவது தேரை. உடைத்த தேங்காய்க்குள் பருப்பில்லாவிட்டால், "தேரை மோந்துவிட்டது" என்று பழியை அந்த எளிய பிராணியின்மேல் போடுகிறோம். கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளக்கிறவர் என்று ஆண்டவரைத் துதிப்பதும் அதே வாய்தான். இந்த இரு வகையிலும் பேருருவம் கொண்டவை எவை என்று தேடப்போய், சென்ற வாரம் முழுவதும் என் நினைவு அவற்றிடமே தங்கிவிட்டது.

உலகிலேயே மிகப் பெரிய தவளை, மேற்கு மத்திய ஆப்பிரிக்காவில் கேமரூன், எக்குவடோரியல் கினி ஆகிய இரு நாடுகளின் காட்டாறுகளில் மட்டும் வாழ்கிறது. உடல் மட்டும் 30 சென்டிமீட்டரைத் தாண்டும். எடை 3 கிலோவுக்கும் மேற்படும். 1906-ஆம் ஆண்டு லண்டனில் அதை விவரித்து எழுதிய விலங்கியலாளர் பூலெஞ்சர், அதற்குக் கோலியாத் என்று பெயரிட்டார். உருவத்தைப் பார்த்து இட்ட பெயர். மற்றபடி பொருத்தம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை. வேதத்தில் வரும் கோலியாத் நாற்பது நாள் காலையும் மாலையும் வந்து நின்று சவால் விட்டவன். இந்தத் தவளைக்கோ, மற்றத் தவளைகள் தொண்டையை ஊதி ஒலியெழுப்பும் குரல்பை கூடக் கிடையாது.

2019-இல் வெளியான ஓர் ஆய்வு இதைப்பற்றி வியப்பான செய்தியொன்றைச் சொன்னது. கோலியாத் தவளைகள் ஆற்றோரத்தில் முட்டைக்கென்று சிறு குளங்கள் அமைக்கின்றன. பாறைப் பள்ளங்களில் இருக்கும் சருகையும் மணலையும் வெளியே தள்ளிச் சுத்தம் செய்கின்றன. சில இடங்களில் சரளையைத் தோண்டி, கற்களை நகர்த்திச் சுற்றிலும் வரம்பு கட்டுகின்றன. அப்படி நகர்த்தப்பட்ட கற்களில் சில 2 கிலோ வரை எடையுள்ளவை. இரவில் பெரிய தவளையொன்று அருகிருந்து காவல் காப்பதும் பதிவாயிற்று. இந்தக் கடும் உழைப்பே அதன் பேருருவுக்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கல்லால் வீழ்ந்தவனுடைய பெயரைத் தாங்கிய உயிர், தன் தலைப்பிரட்டைகளுக்காகக் கல்லைப் புரட்டிக்கொண்டிருக்கிறது!

தேரைகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று கரும்புத் தேரை. அதன் தாயகம் தென் அமெரிக்காவும் மத்திய அமெரிக்காவும். பொதுவாக அது உள்ளங்கையளவே இருக்கும். ஆயினும் சில 2 கிலோவைத் தாண்டி வளர்வதுண்டு. கண்களுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பிகளில் கடும் நஞ்சு உண்டு. சொந்த நாட்டில் அந்த நஞ்சுக்குப் பழகிய எதிரிகள் இருந்தன. அங்கே அது பல உயிர்களுள் ஒன்றாக வாழ்ந்துவந்தது.

கரும்புத் தோட்டங்களைக் காக்க விரும்பிய மனிதர், அதைப் பெட்டியில் அடைத்துக் கரீபியத் தீவுகளிலிருந்து ஹவாய்க்கும், 1935-இல் அங்கிருந்து ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்கும் கொண்டுபோனார்கள். வந்து சேர்ந்தவை நூற்றுச் சொச்சம்தான். அவற்றின் குஞ்சுகள் 2,400 அவ்வாண்டு ஆகஸ்டில் வயல்களில் விடப்பட்டன. வேரைத் தின்னும் வண்டுப்புழுவை அவை ஒழிக்கும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் புழு மண்ணுக்குள் கிடந்தது. வளர்ந்த வண்டு உயரத்தில் இலைகளைத் தின்றது. தேரைக்கோ தோண்டவும் தெரியாது, ஏறவும் தெரியாது. வால்டர் ஃப்ரோகட் என்ற முதிய பூச்சியியலாளர் இது பெருங்கேடாக முடியும் என்று எச்சரித்தார். சில மாதங்கள் தடை விதிக்கப்பட்டது. 1936-இல் அதுவும் நீக்கப்பட்டது. ஒரு பெண் தேரை ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதைக் கவ்விய குவோல் என்னும் சிறு வேட்டை விலங்குகளும், உடும்பினங்களும், நன்னீர் முதலைகளும் நஞ்சுண்டு மடிந்தன. இன்று அது மேற்கு ஆஸ்திரேலியா வரை பரவிவிட்டது.

விடுமுறை வேதாகமப் பள்ளியில் இவ்விரண்டின் படங்களையும் பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இதுல எது கெட்டது?" என்றான். கோலியாத் என்ற பெயரைக் கேட்டதும் பாதிப் பிள்ளைகள் தவளையைக் காட்டினார்கள். நஞ்சைப்பற்றிச் சொன்னதும் எல்லா விரல்களும் தேரையின் பக்கம் திரும்பின. பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தவர்களை யாரும் கேட்கவில்லை. பெரியவர்களாகிய நாமும் ஒரு காரியம் கெட்டுப்போகும்போது, கண்ணுக்குத் தெரிகிற உருவத்தின்மேல்தானே முதலில் விரல் நீட்டுகிறோம்?

ஆஸ்திரேலியரைக் குறைசொல்வதாக எண்ணவேண்டாம். குவோலைக் காப்பாற்றத் தேரையைக் கொல்லவேண்டியிருக்கிறது. அந்தத் தேவையை நான் மறுக்கவில்லை. 2023 ஜனவரியில் குயின்ஸ்லாந்தின் கான்வே தேசியப் பூங்காவில் 2.7 கிலோ எடையுள்ள பெண் தேரை ஒன்று அகப்பட்டது. காவலர்கள் அதற்கு டோட்ஸில்லா என்று பெயர் சூட்டினார்கள். படம் எடுத்தார்கள், நிறுத்துப் பார்த்தார்கள், பிறகு வலியில்லாமல் கொன்றார்கள். உலகச் செய்திகளெல்லாம் அந்தப் படத்தை வெளியிட்டுச் சிரித்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது முட்டையிலிருந்து வந்த நாள் முதல், தேரை செய்யவேண்டியதை மட்டுமே செய்திருந்தது.

கோலியாத் தவளையின் நிலையோ நேர்மாறானது. அது குறைந்துவருகிறது. இறைச்சிக்காக வலையிலும் பொறியிலும் பிடிக்கப்படுகிறது. வளர்ப்பு விலங்காக விற்கவும் கொண்டுபோகப்படுகிறது. காடுகள் வெட்டப்பட, அது வாழும் ஆறுகளும் மாறுகின்றன. அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் பன்னாட்டுப் பட்டியலில் அதன் பெயரும் இருக்கிறது. தேரை விரும்பாத கண்டத்தில் பெருகிக்கொண்டிருக்க, தவளை தன் சொந்த ஆற்றிலேயே கல் வரம்புக்குள் முட்டைகளைக் காத்துக்கொண்டிருக்கிறது.