கணனி பொய் சொல்லுமோ?

எமது தந்தையார் கொழும்பிலே ஒரு வர்த்தக நிலையத்தில் கணக்கெழுதியவர். பெரிய பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு அவர் மையினால் இலக்கங்களை எழுதுவதைச் சிறு வயதில் அருகிருந்து பார்த்திருக்கின்றோம். பிழையாக எழுதிய இலக்கத்தை அவர் ஒருபோதும் சுரண்டி அழித்ததில்லை. அதன்மேல் ஒரு சிவப்புக் கோடிழுத்து, சரியான தொகையை மேலே எழுதி, பக்கத்திலே தமது சுருக்கொப்பத்தையும் இடுவார். “பிழை விடுவது குற்றமன்று, அதை மறைப்பதுதான் குற்றம். நாளைக்கு எவர் வந்து பார்த்தாலும் யார் எழுதினார், யார் திருத்தினார் என்பது தெரியவேண்டும்” என்பார்.

நிற்க. பேரேடு போய்க் கணனி வந்தது. நாமும் தந்தையாரின் தொழிலுக்கே வந்து சேர்ந்தோம். 2022ஆம் ஆண்டு, நாடெங்கும் நாள்தோறும் மின்வெட்டு நிகழ்ந்த காலம். எமது மேற்பார்வையின் கீழ் ஓர் இளம்பெண் காசாளராகக் கடமை பார்த்தாள். மாத முடிவிலே கணக்கைச் சரிபார்த்தபோது, அவள் ஒப்படைத்திருக்க வேண்டிய பணத்தில் 41,000 ரூபா குறைவென்று கணனி காட்டிற்று.

“ஐயா, ஒரு சதந்தானும் நான் எடுக்கவில்லை. நான் பதிந்தவற்றை ஒவ்வொன்றாக எனக்குக் காட்டச் சொல்லுங்கள். எங்கே பிழையென்று நானே கண்டுபிடித்துத் தருகிறேன்” என்றாள் அவள்.

அந்த மென்பொருளிலே காசாளருக்குப் பதிவதற்கு மட்டுமே அனுமதி இருந்தது. முன்னர் பதிந்ததைத் திரும்பப் பார்ப்பதற்கு இல்லை. மேலிடத்தில் கேட்டு அந்த அனுமதியைப் பெற்றுக் கொடுத்திருக்கலாம். நாம் கேட்கவில்லை. “பிள்ளை, கணனி பொய் சொல்லுமோ?” என்று மட்டும் கூறினோம். மூன்று மாதச் சம்பளத்திலே அத்தொகை கழிக்கப்பட்டது. நான்காம் மாதம் அவள் வேலையை விட்டு நின்றாள்.

மறு ஆண்டு அந்த மென்பொருளை மாற்றினார்கள். பழைய பதிவுகளைப் புதியதற்கு ஏற்றும்போதுதான் உண்மை வெளிப்பட்டது. மின்சாரம் தடைப்பட்ட வேளையில் இடைநின்ற பற்றுச்சீட்டுகள், மின்சாரம் வந்தபின் மறுபடி பதியப்பட்டபோது, இருமுறை கணக்கிலேறியிருந்தன. வராத பணத்தை வந்ததாக எண்ணி, அதனைக் கணனி அவளிடம் கேட்டிருக்கின்றது! தாபனம் பணத்தைத் திருப்பி அனுப்பிற்று. நாம் எழுதிய மன்னிப்புக் கடிதத்துக்கு இன்றுவரை மறுமொழி வரவில்லை.

எமது சிறிய கந்தோரில் ஒருத்திக்கு நேர்ந்தது, பிரித்தானியாவிலே பல நூற்றுவருக்கு நேர்ந்தது. அங்குள்ள தபாற் சேவை 1999ஆம் ஆண்டு தொடக்கம் ‘ஹொரைசன்’ என்னும் கணக்கு மென்பொருளை நாடெங்கும் புகுத்திற்று. உப தபாலதிபர்களின் கணக்குகளிலே இல்லாத குறைகள் தோன்றின. ஒப்பந்தப்படி அக்குறைகளை அவர்களே ஈடுசெய்ய வேண்டியிருந்தது. உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தோர் பலருக்கு, “உம்மைத் தவிர வேறெவருக்கும் இத்தகைய குறை இல்லை” என்றே விடை கிடைத்தது. 2015 வரையிலே 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். சிறை சென்றோரும், வீடு வாசலை இழந்தோரும், உயிரையே மாய்த்துக்கொண்டோரும் உளர்.

மென்பொருளைச் செய்த நிறுவனத்தின் ஊழியர்கள் தூரத்திலிருந்தே அக்கணக்குகளுக்குள் நுழைய முடியும் என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அலன் பேற்ஸ் என்பவரின் தலைமையிலே 555 பேர் தொடுத்த வழக்கில், 2019ஆம் ஆண்டு டிசெம்பரில் உயர் நீதிமன்றம் அம்மென்பொருளின் பிழைகளை ஏற்றுத் தீர்ப்பளித்தது. 2021ஆம் ஆண்டு ஏப்பிரலிலே மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் குற்றத்தீர்ப்புகளை நீக்கிற்று. ஏனையோர் பலரின் தீர்ப்புகளை 2024ஆம் ஆண்டு பாராளுமன்றம் தனிச் சட்டமியற்றியே நீக்கவேண்டி வந்தது.

இவ்வரலாற்றைப் படித்தபோது, எம்முன் நின்று கண்கலங்கிய அந்தப் பெண்ணின் முகமே நினைவில் வந்தது. இன்றைய தொழிலகங்களிலே ஊழியர் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை நிமிடம் எழுந்து சென்றார், எவ்வளவு வேலை முடித்தார் என்பவற்றையெல்லாம் மென்பொருள் குறித்து மேலதிகாரிக்குக் காட்டுகின்றது. இதனை வெளிப்படைத்தன்மை என்கின்றனர். மேலிருப்பவர் கீழுள்ளவரைப் பார்க்கலாம். கீழுள்ளவரோ தம்மைப் பற்றி எழுதப்பட்டதைத் தாமே பார்க்கவியலாது என்றால், அது வெளிப்படையாகுமா? ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடியல்லவா அது?

கணனி வேண்டாமென்று நாம் சொல்லவரவில்லை. பேரேட்டிலும் களவு நடந்ததுண்டு. ஆயினும் பேரேடு மேசைமேல் விரிந்து கிடந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவனும் அதன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துத் தன் நியாயத்தைச் சொல்லக்கூடியதாயிருந்தது. நாம் இழந்தது அந்த வசதியையே.

நாளை கந்தோர்களில் அமரப்போகும் மாணவர்களே! உங்களில் சிலர் இத்தகைய மென்பொருள்களை ஆக்கவும் கூடும். அப்போது, எழுதியவர் யார், திருத்தியவர் யார் என்பதைச் சம்பந்தப்பட்டவர் தாமே காணும்படி வழி வையுங்கள். அதிகாரியாக அமர்வோர், ஓர் ஊழியர் “எனக்குக் காட்டுங்கள்” என்று கேட்கும்போது முதலில் காட்டுங்கள். பின்னர் தீர்ப்புச் சொல்லுங்கள். தந்தையாரின் சிவப்புக் கோடு எமக்குக் கற்பித்த பாடம் அது. வேண்டிய நாளிலே நாம் அதனை மறந்தோம், நீங்கள் மறவாதிருங்கள்.