பித்தளை வில்லை சொன்ன கதை

கோடை விடுமுறையில் ரூஜ் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் பல காரிலே கிழக்கு நோக்கிப் புறப்படுகின்றன. நோவா ஸ்கோஷியாவின் கடற்கரையையும் வெளிச்சவீட்டையும் பார்த்துப் படம் பிடித்துத் திரும்புவதே பெரும்பாலும் வழக்கம். அம்மாகாணத்துச் சிற்றூர்களிலே உள்ள நிலக்கரிச் சுரங்க நூதனசாலைகளில் இறங்கிப் பார்ப்போர் சிலரே. கட்டடங்கள் சிறியவை, அங்கே கற்பதற்கோ நிறைய உண்டு.

கேப் பிரெட்டன் தீவின் கிளேஸ் பே ஊரில் 1967இல் திறக்கப்பட்ட நூதனசாலையின் அடியிலேயே ஒரு சுரங்கம் இருக்கிறது. தலைக்கவசம் அணிந்து, கூரை தாழ்ந்த இடங்களில் குனிந்து நடக்க வேண்டும். சுரங்கத்தில் உழைத்து ஓய்வுபெற்றவர்களையே வழிகாட்டிகளாக வைத்து நடத்தி வந்தமை அதன் தனிச்சிறப்பு. அத்தீவில் அரசு நிறுவனம் தன் கடைசிச் சுரங்கத்தை 2001இல் மூடிவிட்டது. நேரில் கண்டதைச் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

ஸ்பிரிங்ஹில் ஊரின் துயரம் இன்னும் பெரிது. அங்கே 1891இல் 125 பேரும், 1956இல் 39 பேரும் வெடிவிபத்துகளில் மாண்டனர். 1958 ஒக்டோபர் 23 இரவு நிலம் அதிர்ந்து சுரங்கம் நொறுங்கியபோது உள்ளே 174 பேர் இருந்தனர். 75 பேர் இறந்தனர். ஆறரை நாட்களின் பின் 12 பேரும், எட்டரை நாட்களின் பின் மேலும் 7 பேரும் உயிருடன் மீட்கப்பட்டனர். ஆர்னோல்ட் பேர்டன் என்னும் உள்ளூர் வைத்தியர் 1956, 1958 ஆகிய இரு தடவையும் தாமே சுரங்கத்தினுள் இறங்கிச் சிகிச்சை அளித்தார்.

விபத்தில் தப்பியவர்களையும் தூசி விடவில்லை. நுண்ணிய கரித்தூசி நுரையீரலின் காற்றறைகளிலே படிந்து தழும்பாகிறது. தழும்பு விழுந்த பகுதி பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. வேலையை விட்டுப் பல ஆண்டுகள் சென்ற பின்னும், நான்கு படி ஏறவே மூச்சு வாங்கும்.

இத்தகைய நூதனசாலைகளில் எண் பொறித்த பித்தளை வில்லைகளைக் காணலாம். சுரங்கத்தில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வில்லை. வேலை முடிந்ததும் அது தன் இடத்துக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் அந்த ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று பொருள்.

ரூஜிலிருந்து சென்ற குடும்பம் ஒன்றில், இதைக் கேட்டுக்கொண்டிருந்த தாத்தா மெல்லப் பேசினார்.

"எங்க தோட்டத்துலயும் இப்படித்தான். விடிய முன்னமே தப்பு அடிப்பாங்க. பிரட்டுக்குப் போயி நிக்கணும். பேர் விழுந்தாத்தான் அன்னைக்குச் சம்பளம்."

"இதை நீங்க சொன்னதே இல்லையே, தாத்தா?" என்றாள் பேத்தி.

"கூலி வேலைதானேம்மா. அதுல சொல்ல என்ன இருக்கு?"

சற்று முன்னர்தான் வழிகாட்டி, தன் தகப்பனும் பாட்டனும் கரி வெட்டியவர்கள் என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லியிருந்தார். பேத்தி அதை நினைவூட்டினாள். திரும்பும் வழியெல்லாம் பெரியவர் தம் தாயாரின் கொழுந்துக் கூடை, லயத்துக் காம்பரா, மழையில் அட்டை கடித்த கால்கள் என்று பேசிக்கொண்டே வந்தாராம். அவருடைய மகனுக்கே அவற்றுட் பல புதிய செய்திகள்.

இலங்கையில் கம்பளைப் பகுதித் தோட்டம் ஒன்றின் பழைய லயத்திலே, தேயிலைத் தொழிலாளருக்கென ஒரு நூதனசாலை 2007இல் திறக்கப்பட்டது. எனினும் கடல் கடந்து வந்தவர்களின் நினைவுகள் அவர்களுடைய வீடுகளில்தான் இருக்கின்றன.

ஆயுதபூசையன்று உழைக்கும் கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவது இந்துக்களின் மரபு. அக்கருவியைப் பிடித்த கைகளுக்கும் அந்த மரியாதை உரியது. அடுத்த கோடையில் கிழக்கே செல்லும் அன்பர்கள் இந்தச் சிற்றூர்களில் ஒரு மணி நேரம் தங்கட்டும். வீட்டுப் பெரியவர்களையும் கூட அழைத்துச் செல்லட்டும். அவர்கள் பேசத் தொடங்கினால், பிள்ளைகள் அதை எழுதி வைக்கட்டும்.