சுவரில் ஏறிய நாடக மொழி

தமிழகத்துப் பள்ளிச் சுவர்களில் அச்சாகித் தொங்கும் நாடகப் பகுதி எது என்று வினவினால், உடனே விடை பகர்வோர் சிலரே. பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்தின் தமிழ்த் தெய்வ வணக்கமே அது. 1970-இல் அரசு அதனைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தது. நாள்தோறும் அதனைப் பாடும் நம் பிள்ளைகளுள் பலர், அது ஒரு நாடகத்தின் தலைவாயில் என்பதை அறியார். அரசு ஏற்றபோது சில அடிகள் விடப்பட்டதையும் அறியார்.

அரக்கோணத்தில் என்னிடம் பயிலும் மாணவர்கள், புகழ்பெற்ற நாடக மொழிகளை எழுத்தாலேயே அழகு செய்த சுவரொட்டிகளாக அமைக்க முற்பட்டனர். படம் கிடையாது, எழுத்தே படம். மதரஸாவில் நாணற் கலம் பிடித்து நஸ்க் எழுத்துப் பழகியவன் என்பதால் மேற்பார்வை என்பால் வந்தது.

அரபியில் வரி குறைந்தால் எழுத்துகளின் இணைப்பை நீட்டி நிரப்பலாம். தமிழ் அதற்கு இடங்கொடாது. ஒவ்வோர் எழுத்தும் தனித்து நிற்பது. நீட்டினால் முகமே மாறிவிடும். மேல்வரியின் உகர வால் கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும். ஆகவே வரிகளுக்கிடையே தாராளமாய் வெற்றிடம் விடல் வேண்டும். எங்கள் ரயில் சந்திப்பின் மஞ்சள் பலகையைப் பார்த்து வரச் சொன்னேன். கணினி கற்பிக்காததை அது கற்பித்தது.

ஒரு மாணவன் கருணையை மழைக்கு ஒப்பிடும் புகழ்பெற்ற வாசகத்தை, எழுத்துகள் துளித்துளியாய் இறங்குவதுபோல் அமைத்து வந்தான். உண்மையிலேயே அழகு.

"யார் சொன்னது?" என்றேன்.

"ஷேக்ஸ்பியர், ஹஜ்ரத்."

ஹதீஸ் பாடத்தில் ஸனது இன்றி எவரும் வாய் திறப்பதில்லை. அப்பழக்கம் என்னை விடவில்லை. பம்மல் சம்பந்த முதலியார் 'வாணீபுர வணிகன்' என்று தமிழாக்கிய 'வெனிஸ் வணிகன்' நாடகத்தின் நான்காம் அங்கத்து முதற்காட்சியை எடுத்து அவனைப் படிக்கச் செய்தேன். வழக்கறிஞர் வேடத்தில் வந்த போர்ஷியா, யூதனாகிய ஷைலாக்கிடம் கூறும் மொழி அது. அதே காட்சியில், அதே மன்றத்தில், உயிர் பிழைக்க ஷைலாக் தன் மதத்தைத் துறந்து கிறித்தவனாதல் வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்படுகிறது. உனக்குச் சம்மதமா என்று அவனைக் கேட்பவளும் போர்ஷியாவே!

மாணவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "கிழித்துவிடவா?" என்றான்.

வேண்டாம் என்றேன். சொல் நல்ல சொல்லே. எவர் வாயிலிருந்து, எவரை நோக்கி, எந்த இடத்தில் வந்தது என்பதைத் துளிகள் விழும் தரையாக எழுதச் சொன்னேன். இடம் போதாமையால் அவன் துளிகளைச் சிறிதாக்கினான். அடிக்குறிப்பால் அழகு குன்றியதென்று நண்பர் ஒருவர் வருந்தினார். அவர் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் நான் இணங்கவில்லை.

சுவரொட்டி இப்போது தாழ்வாரத்தில் தொங்குகிறது. ஷைலாக் யார் என்று கேட்டு நேற்று மூன்று பிள்ளைகள் வந்தனர்.