அம்மாவின் சுத்துற போன்

ஒரத்தநாடு பக்கம் எங்கள் ஊரில் தாமிரக் கம்பி போய் ஃபைபர் வந்தது. கூடவே வந்த பெட்டியின் முதுகில் பழைய போனைச் செருகவும் ஒரு இடம் இருந்தது. அப்பா காலத்துக் கறுப்பு டயல் போனைச் செருகினேன். வெளியிலிருந்து கூப்பிட்டால் மணி அடித்தது, பேசவும் முடிந்தது. இங்கிருந்து மட்டும் யாரையும் கூப்பிட முடியவில்லை. அம்மா எவ்வளவு சுழற்றியும் டயல் டோன் "ம்ம்ம்" என்று அசராமல் கிடந்தது.

டயல் போன் லைனை வெட்டி வெட்டித்தான் எண்ணைச் சொல்லும். 5-ஐச் சுழற்றி விரலை எடுத்தால், தட்டு திரும்பும்போது லைன் 5 முறை அறுந்து சேரும். நொடிக்குச் சுமார் 10 வெட்டு. 0 என்றால் 10 வெட்டு, முழுசாக ஒரு நொடி. (தஞ்சாவூர் கோடு 04362. அந்தக் காலத்தில் எஸ்டிடி போட்டவர்களுக்கு நல்ல பொறுமை.) பின்னால் வந்த பட்டன் போன்கள் எண்ணுக்கு இரண்டு சுருதி வீதம் சேர்த்து அனுப்பின. புதுப் பெட்டிகள் பலவற்றுக்கு அந்தச் சுருதி மட்டும்தான் காதில் விழும். வெட்டுகளை எண்ணிச் சுருதியாக மாற்றும் சின்ன போர்டு ஒன்றை நடுவில் வைத்தேன், சரியாகிவிட்டது.

"செல்லுல தடவுனா யாருக்கோ போவுது. இதுல வெரலுக்கே நம்பர் தெரியும்டா" என்றார் அம்மா.

எனக்கு உறுத்தியது வேறு. பழைய கம்பி பேச்சோடு சேர்த்து எக்ஸ்சேஞ்ச் பேட்டரியின் 48 வோல்ட்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது. மணியை அடிக்கும் மின்சாரமும் அங்கிருந்துதான் வரும். வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் போன் பேசும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டாவில் தென்னையும் மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. செல் டவர்களும் படுத்துவிட்டன. தென்னை விழுந்து கம்பி அறுந்த இடங்களில் லேண்ட்லைனும் செத்தது. எங்கள் வீட்டுக் கம்பி தப்பித்தது. திருப்பூரிலும் சென்னையிலும் இருந்த பிள்ளைகளோடு பேச, தெருவே எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தது.

இப்போது அதே போன் வீட்டுக் கரண்டை நம்பி இருக்கிறது. ஃபைபரில் வருவது வெளிச்சம், அதனால் மணியடிக்க முடியாது. ஒரு நல்ல விஷயம், எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவில் கரண்ட் தேவைப்படும் கருவி பெரும்பாலும் கிடையாது. இழை அறுபடாமல் இரண்டு முனையிலும் மின்சாரம் இருந்தால் போதும். நம் முனைக்கு வேண்டியது 12 வோல்ட், ஒரு ஆம்பியருக்குள். கடையில் விற்கும் குட்டி யுபிஎஸ் சில மணி நேரம்தான் தாங்கும். கொட்டகையில் நிற்கும் டிராக்டர் பேட்டரியும் 12 வோல்ட்தான். 80 ஆம்பியர் அவர் என்றால் மூன்று நாள் ஓடும். அடியோடு தீரும் முன்பே வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஏற்றிக்கொள்ளலாம்.

அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப ஐப்பசி கார்த்திகை ரெண்டு மாசமும் வண்டிய யாருக்கும் உழவுக்கு விடக்கூடாதுங்கறியா?"

"புயல்னு ரேடியோவுல சொன்னா மட்டும் வாங்கி வச்சுக்கம்மா."