ஜோலார்பேட்டையில் ஒரு வாள்

ஜோலார்பேட்டையில் இறங்கி வண்டி மாறியவர்களைக் கணக்கெடுத்தால் தமிழ்நாட்டில் பாதிப் பேர் தேறுவார்கள். ஜோலார்பேட்டைக்கென்றே வந்து இறங்கியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்! 1864-ல் பெங்களூருக்கு ரயில் பாதை பிரிந்த நாளிலிருந்து இந்த ஊரின் தலையெழுத்து அப்படி. சென்னை ஒரு பக்கம், பெங்களூர் ஒரு பக்கம், சேலமும் கோவையும் இன்னொரு பக்கம், நடுவில் ஜங்ஷன். தலையை நிமிர்த்தினால் ஏலகிரி மலை. அந்த மலைப் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்று நினைத்தீர்களா? இல்லை, நேயர்களே. இந்தத் தடவை ஒரு வாளைப் பற்றி.

ஆம்பூர் செல்வதற்காகப் பெங்களூரிலிருந்து வந்து இறங்கி, பிளாட்பாரத்து பெஞ்சில் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு தாயும் மகளும். மகளின் மடியில் நீளமான துணிப் பை ஒன்று. புல்லாங்குழலுக்கு அது நீளம். குடைக்கு அது கனம். வாய் சும்மா இருக்குமா? என்னவென்று கேட்டுவிட்டேன்.

"வாள்" என்றாள் அந்தப் பெண்.

நான் அரை அடி நகர்ந்து உட்கார்ந்தேன்.

"பயப்படாதீங்க ஸார், மரவாள்தான்" என்று சிரித்தாள். பெங்களூரில் உத்தியோகம், விடுமுறை நாட்களில் 'இயாய்டோ' என்னும் ஜப்பானிய வாள் வித்தை கற்கிறாளாம். எதிரி யாரும் எதிரே நிற்பதில்லை. நிற்பதாகப் பாவித்துக்கொண்டு உறையிலிருந்து வாளை உருவ வேண்டும், வீச வேண்டும், பிறகு வாளைப் பார்க்காமலே உறையில் சேர்க்க வேண்டும். ஜப்பானில் இடுப்பில் வாளுடன் திரிவதை 1876-ல் தடை செய்துவிட்டார்கள். இடுப்பை விட்டு வாள் போயிற்று. வித்தை மட்டும் போகவில்லை.

மரவாளில் கை படிந்த பிறகு உலோக வாள் வாங்க வேண்டும். அங்கேதான் தாய்க்கும் மகளுக்கும் வழக்கு.

"நிஜமான வாளிலேயே பழகணும்னு எனக்கு ஆசை" என்றாள் மகள்.

"கூரே இல்லாம மொட்டையா ஒண்ணு விக்கிறாங்களாம். அதை வாங்கிக்கோன்னு சொல்றேன். விளையாட்டுச் சாமான் மாதிரி, கையை வெட்டாது பாருங்க. நீங்க பத்திரிகைக்காரர், நீங்களே சொல்லுங்க!" என்றார் தாய்.

பத்திரிகைக்காரருக்கு எல்லாம் தெரியும் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வருவதில்லை. நல்லவேளை, சேலம் பக்கம் போகும் வண்டி வந்து என் மானத்தைக் காப்பாற்றியது. இருவரும் ஏறிவிட்டார்கள். கேள்வி மட்டும் என்னோடு ஆம்பூர் வண்டியில் ஏறியது.

வாணியம்பாடி, ஆம்பூர் என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களெல்லாம் தோலால் பிழைக்கும் ஊர்கள். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் பதமான தோல் இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறியது. இன்று இங்கே தைத்த காலணிகள் கடல் கடந்து நடக்கின்றன. இதற்கு விலை கொடுத்தது பாலாறு. தோல் கழிவால் அதன் நீர் கெட்ட வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது.

ஆம்பூரில், தோல் பதனிடும் வேலையில் ஆயுளைக் கழித்து ஓய்ந்த ஒரு பெரியவரைப் பார்த்தேன். பேச்சினிடையே உள்ளே போய் இரண்டு கத்திகளைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். இரண்டும் ஒரே சாயல்: லேசாக வளைந்த நீண்ட தகடு, இரு முனையிலும் மரப்பிடி. ஒன்று கூர், மற்றது சுத்த மொட்டை.

சுண்ணாம்பில் ஊறிய தோலை உருண்டையான கட்டைமேல் போட்டு, இரண்டு கைகளாலும் கத்தியைப் பிடித்து மேலிருந்து கீழே தள்ளுவார்களாம். இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் இயந்திரம் செய்கிறது. திண்ணை விளிம்பையே தோலாகப் பாவித்து அவர் தள்ளிக் காட்டினார்.

"சதைப் பக்கத்துக்குக் கூர், முடிப் பக்கத்துக்கு மொட்டை. நான் முதல்ல பிடிச்சது மொட்டையைத்தான்."

"மொட்டை என்றால் சுலபமாயிற்றே?" என்றேன்.

"அப்படி நினைச்சுத்தான் தம்பி நானும் ஏமாந்தேன். முடி போன பக்கம்தான் தோலுக்கு முகம். நாளைக்கு ஷூவுக்கு மேலே தெரியறது அதுதான். கூர்க் கத்தி தப்பினா அங்கேயே ஓட்டை விழும், நாமளே பார்த்துடலாம். மொட்டைக் கத்தி அப்படி உடனே சொல்லாது. தோல் பதமாகி வெளியே வந்தப்புறம் பார்த்தா, முகத்துல கோடு கோடா நிக்கும்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜோலார்பேட்டைக் கேள்விக்கு ஆம்பூர்த் திண்ணையில் பதில்!

அந்தப் பயிற்சி வாளைப் பற்றிப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பெரும்பாலும் துத்தநாகமும் அலுமினியமும் கலந்த உலோகம். சாணை பிடித்தாலும் கூர் ஏறாது. ஆனால் முனை முனைதான், குத்தினால் குத்தும். மற்றொரு வாளோடு மோதினால் உடையவும் உடையலாம். பாயைச் சுருட்டி நிறுத்தி வெட்டிப் பார்க்கும் பயிற்சிக்கும் அது ஆகாது. அதற்குக் கூரான எஃகு வாள்தான் வேண்டும்.

விஷயம் வலது கையில் இல்லை. உறையைப் பிடிக்கும் இடது கையில் இருக்கிறது. உறையின் வாயைக் 'கெண்டை மீனின் வாய்' என்று ஜப்பானியர் அழைக்கிறார்கள். உருவும்போது கோணம் பிசகினால், கூரான வாள் மர உறையைப் பிளந்துகொண்டு பிடித்திருக்கும் விரல்களையும் பதம் பார்த்துவிடும். மொட்டை வாளோ அதே பிசகை மன்னித்து, வழுக்கிக்கொண்டு போய்விடும். மன்னிக்கட்டும், நல்லதுதான். ஆனால் பிசகு அப்படியே கையில் தங்கி வழக்கமாகிவிடுகிறது. என்றோ ஒரு நாள் கூரான வாள் கைக்கு வரும்போதுதான் அது வெளிப்படும், கட்டை விரலில்!

அப்படியானால் முதலிலேயே கூர் வாள் வாங்கலாமா? கூடாது. பயந்த கை விறைத்துப் போகும். விறைத்த கை வித்தை கற்காது. கூடத்தில் பக்கத்தில் நிற்பவர்களும் பிள்ளை குட்டிக்காரர்கள் அல்லவா? போதாக்குறைக்கு 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் இருக்கிறது. கூர் வாள் வாங்குவதாயிருந்தால் முதலில் போலீஸ் ஸ்டேஷனில் விசாரித்துக்கொள்வது உத்தமம்.

மாலையில் ஜோலார்பேட்டை திரும்பினேன். அதே பெஞ்சில் வேறு யாரோ, வேறு எந்த வண்டிக்கோ காத்திருந்தார்கள்.

அந்த அம்மாள் நம் நேயராக இருந்தால், அன்று நான் சொல்லாமல் விட்ட பதில் இதோ: அம்மா, வாள் விஷயத்தில் ஜெயம் உங்களுக்கே. மொட்டை வாளையே வாங்கிக் கொடுங்கள். ஆனால் 'விளையாட்டுச் சாமான்' என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். "கூர் இருப்பதாகவே நினைத்துப் பிடி" என்று சொல்லுங்கள். ஒவ்வொரு தடவை உருவும்போதும் இடது கை விரல்கள் எங்கே இருக்கின்றன என்று ஆசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள். போதும் என்று அவர் சொல்லும் நாளில், உங்கள் மகள் ஆசைப்பட்ட வாளும் அவளுக்குக் கிடைக்கட்டும்.