குறிஞ்சி எங்கே?

முதல், கரு, உரி என்று கரும்பலகையில் எழுதிக் கற்பித்த குறிஞ்சித் திணையை நேரிற் காட்ட எண்ணி, எம் துறை மாணவர்களுடன் கொடைக்கானல் சென்றோம்.

ஏரிக்கரையில் அனைவரும் மெய்ம்மறந்து நின்றனர். அது இயற்கை ஏரியன்று. மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்ச் 1863இல் ஓடைநீரைத் தேக்கி அமைத்தது என்றோம். பலர் நம்பவில்லை. பேரிஜம் ஏரிக்குச் செல்லும் வழியில் ஓங்கி நின்ற பைன், யூகலிப்டஸ், வாட்டில் மரங்களையும் வியந்தனர். அவையும் அயல்நாட்டினின்று கொணர்ந்து நட்டவையே.

“அப்படியானால் நம் குறிஞ்சி எங்கே ஐயா?” என்றார் ஒரு மாணவர். தேர்வுத்தாளில் இடம்பெறாத நல்ல வினா!

மலை மடிப்புகளில் அடர்ந்த சோலைகளையும் மேடுகளில் எஞ்சிய புல்வெளிகளையும் காட்டினோம். மழைநீரை உள்வாங்கிச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு ஈபவை அவ்விரண்டுமே. குறிஞ்சிச் செடி வளர்வது அப்புல்வெளியில்தான். வாட்டில் பரவப் பரவ அதற்கு நிற்க இடமில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் அது 2018இல் பூத்தது; அடுத்த முறை 2030. நாம் கண்டவை பூவற்ற பச்சைப் புதர்களே. ஆயினும் மாணவர்கள் அவற்றை விட்டு அகல மனமின்றி நின்றனர்.

2030இல் தமக்கு என்ன வயதாகும், அதுவரை அந்தப் புல்மேடு இருக்குமா என்று, திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் அதே பேச்சு.