எதிர்காலத்திலும் ஊர் வேறு, சேரி வேறா?

அறிவியல் புனைகதை, மிகைபுனைவு ரசிகர்களின் உலக மாநாட்டுக்குப் போய் வந்தோம் என்றதும் ஊரிலிருந்து தோழர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அங்க நமக்கென்ன வேலை?" பஞ்சமி நிலம், உதவித்தொகை, வன்கொடுமை வழக்கு என்று தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது வேற்றுக்கிரகக் கதை எதற்கு என்று அவர்கள் கேட்பது நியாயம். பதில் சொல்ல வேண்டிய கடமையும் எங்களுக்கு உண்டு.

நாங்கள் நான்கு பேர். அமெரிக்க மேற்குக் கரையில் பிழைக்க வந்த இடத்தில் அம்பேத்கரை வாசிக்கக் கூடியவர்கள். மென்பொருள் வேலையில் இருவர், செவிலியர் ஒருவர், ஆய்வு மாணவர் ஒருவர். 83ஆவது வேர்ல்ட்கான் 2025 ஆகஸ்ட் 13 முதல் 17 வரை சியாட்டிலில் நடந்தது. ஹியூகோ விருது வழங்கப்படுவது இந்த மாநாட்டில்தான். நேற்றைய எதிர்காலத்தை எல்லோருக்குமாகக் கட்டுவோம் என்பது அந்த ஆண்டு அவர்கள் வைத்த முழக்கம். 'எல்லோருக்கும்' என்று யார் சொன்னாலும், அந்த எல்லோரில் நாம் இருக்கிறோமா என்று பார்ப்பது நம் பழக்கம்.

சியாட்டில் எங்களுக்கு வெறும் ஊர்ப் பெயர் அல்ல. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. இரண்டே மாதத்தில், 2023 பிப்ரவரி 21 அன்று, சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தை சியாட்டில் நகரமன்றம் 6க்கு 1 என்ற வாக்கில் நிறைவேற்றியது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. வேலை, வாடகை வீடு, பொது இடம் மூன்றுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். கால இயந்திரத்தைப் பற்றிக் கதை எழுதுகிறார்கள். எங்களுக்கு அது ஒரு விமானப் பயணம்தான். இங்கே அடுக்குமாடி லிஃப்டில் எல்லோரோடும் ஏறுகிறோம். மறுநாள் ஊரில் இறங்கினால் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

மாநாட்டில் எங்களை முதலில் ஈர்த்தது கழுத்தில் மாட்டித் தரும் பெயர் அட்டை. அதில் எந்தப் பெயர் வேண்டுமோ அதைப் போட்டுக்கொள்ளலாம். அப்பா பெயர், குடும்பப் பெயர் எதுவும் வேண்டாம். டிராகன் பெயர் வைத்துக்கொண்ட தாத்தாக்களையும் கோள்களின் பெயரில் உலாவிய பாட்டிகளையும் அங்கே பார்த்தோம். எங்களில் ஒருவர் 'நீலன்' என்று போட்டுக்கொண்டார். ஐந்து நாளும் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் யாரும் எதையும் துழாவவில்லை.

நம்மவர் ஒருவர்தான் துழாவினார். ஓர் அரங்குக்கு வெளியே வரிசையில் நின்றிருந்தோம். முன்னால் நின்ற இளைஞர் 24ஆம் நூற்றாண்டு விண்கலச் சீருடையில் இருந்தார். தமிழ் காதில் விழுந்ததும் மலர்ந்து திரும்பினார். "எந்த ஊரு?" விழுப்புரம் பக்கம் என்றோம். "விழுப்புரத்துல எங்க?" சொன்னோம். "அப்பா என்ன பண்றாரு?" அதற்கும் பதில் சொன்னோம். "உங்க குலதெய்வம் எது?" இந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியும். எங்கள் செவிலியர் அக்கா நிதானமாகச் சொன்னார்: "சேரிதான் தம்பி. நேராவே கேட்டிருக்கலாம்." அவர் முகம் மாறியது. வரிசை ஏன் நகரவில்லை என்று பேசத் தொடங்கினார்.

சிரித்துவிட்டுக் கடந்துபோகிற விஷயம் இல்லை இது. அந்தத் தம்பி நாளை எங்களில் ஒருவருக்கு வேலை நேர்காணல் எடுப்பவராக வரலாம், வாடகை வீட்டில் பக்கத்து அறைக்காரராக வரலாம். இதற்குப் பயந்தே இந்த நாட்டில் பல ஆண்டுகளாக ஊர்ப் பெயரைக்கூட மாற்றிச் சொல்லிப் பிழைக்கும் நம்மவர்கள் உண்டு. அக்கா அந்த ஒரு வாக்கியத்தைச் சத்தமாகச் சொன்ன ஊரில் அதற்குத் துணையாக ஒரு சட்டம் இருந்தது. சட்டம் மனதை மாற்றாது. ஆனால் வாயைத் திறக்கத் துணிவு தரும்.

இந்த ரசிகர் உலகம் ஏதோ சமத்துவபுரம் என்று சொல்ல வரவில்லை. 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக மாநாட்டிலேயே ஆறு இளம் ரசிகர்களை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் ஒருவரான ஃபிரடெரிக் போல் பிற்காலத்தில் இந்தத் துறையின் பெரிய எழுத்தாளரானார். கறுப்பின எழுத்தாளர் சாமுவேல் டிலேனி தன் 'நோவா' நாவலைத் தொடராக வெளியிடக் கொடுத்தபோது, கறுப்பின நாயகனோடு தன் வாசகர்கள் ஒன்ற மாட்டார்கள் என்று சொல்லி மறுத்தார் ஆசிரியர் ஜான் கேம்பெல். டிலேனியே இதை எழுதியிருக்கிறார். அந்தக் கேம்பெல் பெயரில் புதிய எழுத்தாளருக்கான விருது 1973 முதல் வழங்கப்பட்டது. 2019இல் டப்ளின் மாநாட்டில் அதைப் பெற்ற ஜெனெட் இங், மேடையிலேயே கேம்பெலைப் பாசிஸ்ட் என்றார். அந்த மாதமே விருதின் பெயர் மாறியது.

தோழர்களே, இதைக் கவனியுங்கள். யாரும் மனமிரங்கிப் பெயரை மாற்றவில்லை. மேடையேறியவர் பேசினார், கீழே இருந்தவர்கள் தொடர்ந்து பேசினார்கள். அதற்கு முந்தைய 2016, 2017, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து சிறந்த நாவலுக்கான ஹியூகோ விருதை வென்றவர் என். கே. ஜெமிசின் என்ற கறுப்பினப் பெண். நில அதிர்வை அடக்கும் ஆற்றல் உள்ளவர்களை, அந்த ஆற்றலுக்காகவே இழிபெயர் சூட்டி ஒடுக்கும் உலகம் அவர் படைத்தது. அவர்கள் இல்லாமல் ஊர் நிற்காது. ஆனால் ஊரில் அவர்களுக்கு மரியாதை கிடையாது. இதற்கு உரை எழுத நமக்கு வெளியாள் தேவையா?

ஆக்டேவியா பட்லரும் தன் கடைசி ஆண்டுகளைச் சியாட்டில் பக்கத்தில்தான் கழித்தார். அவருடைய அம்மா வீட்டு வேலை செய்தவர். அம்மா வேலை வீடுகளுக்குள் பின்வாசல் வழியாக நுழைவதைப் பார்த்து வளர்ந்த மகள், 1979இல் 'கிண்ட்ரெட்' எழுதினார். தற்காலக் கறுப்பினப் பெண் ஒருத்தி அடிமைக் காலப் பண்ணைக்குள் இழுத்துச் செல்லப்படும் கதை. பின்வாசலைப் பார்த்தவர் எழுதும் காலப்பயணம் அப்படித்தான் இருக்கும்.

அர்சுலா லெ குவினின் ஓமெலாஸ் கதையைப் பற்றியும் ஒரு மாலை பேச்சு வந்தது. நகரம் முழுக்க மகிழ்ச்சி. அதற்கு விலையாக ஒரு குழந்தை இருட்டறையில் அடைபட்டுக் கிடக்கிறது. அது தெரிந்ததும் சிலர் நகரைவிட்டு வெளியேறுகிறார்கள். எங்களோடு உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்கார மூதாட்டி, நீங்களாக இருந்தால் இருப்பீர்களா, போவீர்களா என்று கேட்டார். "நாங்க அந்தக் குழந்தை" என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, தோல் நிறம் ஒன்றாக இருக்கும்போது உங்களை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டார். வரிசையில் நடந்த உரையாடலை அப்படியே சொன்னோம். குலதெய்வம் என்ற சொல்லை விளக்கத்தான் நேரம் பிடித்தது.

இந்தியாவிலிருந்து வரும் மிகைபுனைவுகளில் பெரும்பகுதி இன்னும் புராணத்தையே திரும்ப அரைக்கிறது. வில்லேந்தியவன் நாயகன், கறுத்தவன் அரக்கன். அந்த அரக்கன் பக்கமிருந்து கதை சொல்ல நம்மவர்களும் வந்துவிட்டார்கள். தலித் எழுத்தாளர் மிமி மண்டல், ஆக்டேவியா பட்லருக்கு எழுதப்பட்ட கடிதங்களையும் கட்டுரைகளையும் தொகுத்த இருவரில் ஒருவர். அந்த நூல் 2018இல் ஹியூகோ இறுதிப் பட்டியலுக்குப் போனது. சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2024இல் சாதி எதிர்ப்பு அறிவியல் புனைகதைகளை ஆங்கிலத்தில் தனித் தொகுப்பாகவே கொண்டுவந்தது.

இனி, நமக்கென்ன வேலை என்ற கேள்விக்கு வருவோம். ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று விட்டுச்சென்ற கடிதத்தில், கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத்தாளராக விரும்பியதைச் சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்தை நீதி கேட்டு ஆயிரம் முறை வாசித்திருக்கிறோம். அந்த ஆசையை நிறைவேற்ற என்ன செய்தோம்? பசியும் வழக்கும் தீர்ந்த பிறகு கனவு காணலாம் என்று காத்திருந்தால், அதற்குள் நமக்கான எதிர்காலத்தையும் அவர்களே எழுதி, நமக்குக் கடைசியில் ஒரு தெருவை ஒதுக்கிவைத்திருப்பார்கள்.

மாநாட்டுக் கட்டணம், விமானம், விடுதி எல்லாம் சேர்த்தால் ஊரில் ஒரு கூலித் தொழிலாளியின் பல மாத வருமானம். எல்லோரும் போக முடியாது, போகவும் வேண்டாம். நம் இரவுப் பள்ளிகளில் போட்டித் தேர்வுக் கையேடு இருக்கிறது. அதன் பக்கத்தில் நான்கு கதைப் புத்தகங்களை வையுங்கள். நூறு ஆண்டு கழித்து உன் தெரு எப்படி இருக்கும் என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். எழுத்துப்பிழையைப் பிறகு திருத்தலாம். எழுதியதை எங்களுக்கு அனுப்புங்கள். அச்சிடும் செலவை நாங்கள் நான்கு பேரும் ஏற்கிறோம்.

ஜெய்பீம்.